கோரமண்டல் ரயிலில் கேட்ட இருமல்

கல்லறைத் திருநாளுக்குக் கோலார் தங்க வயல் போகிறவர்கள் முந்தின நாளே போய்விடுங்கள். திருநாளன்று போனால் சாமந்திப்பூ விற்கிறவர்கள் நம் தலையில் மிளகாய் அரைப்பார்கள். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அங்கேதான் அடக்கம். வருஷா வருஷம் நவம்பர் முதல் தேதி போய்க் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவேன். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். நான் சொல்லச் சொல்லப் போனே எழுதிக்கொள்கிறது.

இந்த வருஷம் ரஷீதாவும் கூட வந்தாள். பெங்களூரில் என் மகள் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் இருக்கிறவள். பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்த ரோஹிங்கியா குடும்பம். பாட்டில், அட்டை தரம் பிரிக்கிற வேலை. ஏழெட்டு வருஷத்தில் தமிழும் பழகிவிட்டாள். அவள் புருஷன் சலீம் தங்க வயல் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் குடோனில் வேலை செய்கிறான், அவனைப் பார்க்க வந்தாள். எனக்கு அவள் மேல் ஒரே குறை. எந்நேரமும் போன் காதிலேயே இருக்கும்.

கிருஷ்ணராஜபுரத்தில் தங்க வயல் போகிற மாரிக்குப்பம் வண்டி ஏறினோம். காலையில் ஜனமெல்லாம் தங்க வயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிறது, நாம் எதிர்ப்பக்கம் போவதால் உட்கார இடம் கிடைக்கும். டிக்கெட் ஐம்பது ரூபாய்கூட ஆகாது. பங்காருப்பேட்டையில் வண்டி நிற்கும்போது போண்டா வாங்காதீர்கள். ஒருமுறை எனக்கு ஊசினதைக் கொடுத்தார்கள். பேத்தி பிறப்பதற்கு முன்னால் நடந்தது, இன்னும் மறக்கவில்லை.

ரஷீதாவின் போனில் புரியாத பாஷையில் ஒரு குரல் மாற்றி ஒரு குரல். எதிரே இருந்தவர் எரிச்சலாகிவிட்டார். "இன்னாம்மா, ரயிலா ரேடியோ கடையா? சவுண்ட கொறங்க."

"நல்லா கேளுங்க. எங்க வூட்டுப் பின்னாலயும் இதே கச்சேரிதான்" என்றேன் நானும். "யாருகிட்டம்மா இவ்ளோ பேச்சு?"

"பேச்சு இல்லம்மா, தேடறது" என்றாள். "தம்பி முகாம்லேர்ந்து படகு ஏறிட்டான். அப்புறம் குரலே வரல."

வங்காளதேசத்து முகாமில் இருந்த தம்பி. பதினெட்டு வயசு. மலேசியா போகலாம் என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பாஷையை எழுதத் தெரிந்தவர்கள் குறைவாம், அதனால் வாட்ஸாப் குரூப்பில் எல்லாமே குரல்தான். டாக்காவிலிருந்து ஒரு தாய், மலேசியாவில் கட்டட வேலை செய்கிற ஒருவன், ஹைதராபாத்தில் ஒரு கிழவர் என்று எல்லோரும் பேசுவார்கள். "இன்னாருடைய மகன், இந்த ஊர், பார்த்தீர்களா" என்று கேட்பார்கள். முகம் போடமாட்டார்கள். ஒரு தடவை இவள் படத்தை யாரோ எடுத்து, இவர்கள் திருடர்கள் என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டார்களாம். அதிலிருந்து குரல் மட்டும்தான். வருகிற குரல் எதையும் பாதியில் தள்ளிவிடக்கூடாது, முழுதும் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம்.

எங்கள் தங்க வயலிலும் அப்படி ஒரு சட்டம் இருந்தது. சுரங்கத்தில் பாறை வெடித்தால் பெண்கள் எல்லோரும் சுரங்கக் குழி வாசலில் நிற்போம். கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் மேலே ஏறி வருகிறவன் தான் கீழே உயிரோடு பார்த்தவர்களின் பேரையெல்லாம் கத்திச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.

கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். எண்பது ரூபாய் கேட்பார்கள், அறுபதுக்கு வருவார்கள். ஆண்டர்சன்பேட்டை பஜாரில் தேவராஜ் டீக்கடை வாசலில் சலீம் நின்றிருந்தான். "உள்ள வாக்கா, டீ குடி" என்று தேவராஜ் கூப்பிட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனும் அந்தக் காலத்தில் சுரங்கத்தில் இருந்தவன்தான். ஒரு பாறை வெடிப்பில் அவன் முதல் கேஜில் வந்தான். கீழே என் வீட்டுக்காரரோடு பேசிவிட்டு வந்தவன், தன் அண்ணன் பேரை மட்டும் சொல்லிவிட்டு ஓடிப்போய்விட்டான். விடியும்வரை கைக்குழந்தையோடு நின்றேன். அவர் வந்தார், நல்லாவே வந்தார். ஆனாலும் அந்தக் கடை டீ என் தொண்டையில் இறங்காது.

கல்லறையில் சலீம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, நான் தேய்த்தேன். அப்போதுதான் குரூப்பில் ஒரு நீளமான பதிவு வந்தது. எங்கேயோ தூரக் கரையில் ஒரு படகு ஒதுங்கியிருக்கிறது. அந்த ஊர் மீனவர் ஒருவர் தன் போனைக் கொடுக்க, கை மாற்றி ஒவ்வொருவரும் தன் பேர், அப்பன் பேர், ஊர்ப் பேர் சொல்கிறார்கள். ரஷீதா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

நடுவில் சட்டென்று நிறுத்தினாள். முகாமில் பக்கத்துக் குடிசையில் இருந்த ஜுபைதாவின் மகன் பேர் கேட்டதாம். அந்தத் தாய்க்கு அந்தப் பதிவை அனுப்பிவிட்டு, மகன் பேர் இதில் இருக்கிறது என்று தன் குரலையும் பதிந்து அனுப்பினாள். சலீம் ஏதோ கத்தினான்.

"மொதல்ல நம்ம தம்பி இருக்கானா பாருன்றாரு" என்று என்னிடம் சொன்னாள், கையை நிறுத்தாமல். "அந்தம்மாவும் என்ன மாதிரிதானே காத்துகினு இருக்காங்க?"

நான் தேய்க்கிற நாரைக் கீழே வைத்துவிட்டேன். என் வயசுக்கு எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

மிச்சத்தையும் கேட்டாள். பேர்கள் தீர்ந்துவிட்டன. தம்பி பேர் இல்லை. கடைசியில் யாரோ, இவனுக்குப் பேச வரவில்லை என்றார்களாம். பிறகு ஓர் இருமல். குட்டையாய் இரண்டு, நீளமாய் ஒன்று.

"என் தம்பி" என்றாள்.

சலீம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "இருமல் எல்லாருக்கும் ஒண்ணுதானே அம்மா? நீங்க சொல்லுங்க."

"யாரு சொன்னா ஒண்ணுன்னு?" கல்லறையைத் தட்டிக் காட்டினேன். "ஷிப்ட் முடிஞ்சா ஒரு லைன் பூரா ஆம்பளைங்க இருமிகினு வருவாங்க. அதுல இவரு இருமல் தெருமுனையில கேட்டாப் போதும், நான் அடுப்புல தண்ணி வெச்சிடுவேன். ஒரு நாளும் தப்புனதில்ல. நீ பேசி அனுப்பும்மா. அவன் காதுல போட்டுக் காட்டச் சொல்லு."

அவள் பேசினாள். அழாமல் பேசினாள். நான் மெழுகுவத்தி இரண்டு ஏற்றிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கோரமண்டலில் திரும்பும் வண்டி ஏறி, பங்காருப்பேட்டை வருவதற்குள் போன் ஒலித்தது. அவள் போனை என்னிடம் நீட்டினாள், நான்தான் அழுத்தினேன். குட்டையாய் இரண்டு, நீளமாய் ஒன்று. பிறகு காற்று மாதிரி ஒரு சொல். "புபு."

"அக்கான்னு அர்த்தம்" என்றாள் ரஷீதா.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கல்லறைக்கு நாரும் குடமும் நீங்களே எடுத்துப்போங்கள். சாயங்கால வண்டிக்கு முன்கூட்டியே ஸ்டேஷன் போய்விடுங்கள், தவறினால் பஸ்ஸில் நின்றுகொண்டு வரவேண்டும். டீ எங்கே வேண்டுமானாலும் குடியுங்கள், தேவராஜ் கடையில் வேண்டாம். ரயிலில் யாராவது போனைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் சவுண்டைக் குறைக்கச் சொல்லாதீர்கள். எழுந்து ஜன்னல் கதவை இறக்கிவிடுங்கள், காற்றுச் சத்தம் இல்லாமல் அவர்களுக்கு நன்றாகக் கேட்கட்டும்.