மடு மாதாவின் வரி

ஞானம்மா டீச்சரிடம் மறைக்கல்வி படித்தவர்கள் ஜெபத்தில் ஒரு வரி விட மாட்டார்கள். விட்டால் காது போய்விடும். படப்பைக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் சின்னக் கோயிலுக்குப் பூசை வைக்கப் பங்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் டீச்சர் வைத்ததுதான் சட்டம். எனக்கும் பயம், என் மாமியாருக்கும் பயம்.

மன்னாரிலிருந்து படகேறி வந்த லீலாவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டதும் டீச்சர் இஷ்டம்தான். லீலா அகதி முகாமில் பதியவில்லை. புதுநன்மைக்கு, அதாவது பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்க, தயாராகும் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஜெபமும் சொல்லிக்கொடுத்தாள். ஜெபமாலை முடிவில் தன் ஊர் வழக்கப்படி, "மடு மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஒரு வரி கூட்டினாள். நாளடைவில் அது எங்கள் வழக்கமும் ஆகிவிட்டது.

தொண்ணூற்றொன்று மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு தெருத்தெருவாகப் போலீஸ் ஜீப். இலங்கைக்காரர் யாராவது இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பக்கத்து மணிமங்கலத்தில் வாடகைக்கு இருந்த இருவரை ஏற்றிப்போனார்கள். எங்கே என்று தெரியவில்லை.

"இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத," என்றார் டீச்சர் லீலாவிடம். "என் நாத்தனார் பொண்ணு, ஊமைன்னு சொல்லிக்கிறேன்." காட்டிக்கொடுக்கும் இலங்கைப் பேச்சை அடக்கினார். ஜெபத்தையும் அடக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மே மாதம் மாதாவுக்கு உரியது. தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபமாலை. அன்று எங்கள் வீடு. பாதியில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றிவிட்டு, எல்லாருக்கும் பின்னால் கைகட்டி நின்றார். அந்த மரியாதைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஜெபமாலை முடிந்ததும் பிள்ளைகள் ஒரே குரலில் முழங்கினார்கள்: "மடு மாதாவே..."

"மண்டபம் அகதி முகாம்ல டியூட்டி பாத்தவன்மா நான்," என்றார் அவர் மெதுவாக. "இத இங்க யார் சொல்லிக்குடுத்தது?"

"நான்தான் சார்," என்றார் டீச்சர், கண் சிமிட்டாமல்.

"இல்ல டீச்சர்," என்றாள் என் எட்டு வயது மகள் மெர்சி. தப்பைத் திருத்திவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில். "லீலா அக்காதான் சொல்லிக்குடுத்துச்சு. மறந்துட்டீங்களா?"

லீலா தானாகவே எழுந்தாள். மெர்சியின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போய் ஜீப்பில் ஏறினாள். சாமியார் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தும் அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறாமல் நன்மை வாங்கக் கூடாது என்பது டீச்சர் சொல்லிக்கொடுத்த சட்டம். புதுநன்மைக்கு முந்தின நாள் பிள்ளைகள் அந்தப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார்கள். மெர்சி டீச்சரை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "போலீஸ்கிட்ட பொய் சொன்னீங்களே, நீங்க பாவசங்கீர்த்தனம் பண்ணலியா டீச்சர்?"

பாழாய்ப்போன பிள்ளை என்று அவள் வாயைப் பொத்தப் போனேன். டீச்சர் என் கையைத் தடுத்தார்.

"செஞ்சதுக்கு மனசார வருத்தம் இருந்தாத்தான்டி பாவசங்கீர்த்தனம் செல்லும்," என்றார். "எனக்கு இல்ல."

மறுநாள் பிள்ளைகளை நன்மை வாங்க வரிசையாக அனுப்பிவிட்டு, டீச்சர் மட்டும் முழங்காலிலேயே இருந்தார். சாகிறவரை அவர் நன்மை வாங்கவில்லை.