தூத்துக்குடியிலிருந்து கோரி வந்த தண்ணீர்

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அம்மா முதலில் தண்ணீர் கொடுத்தாள். தொண்ணூறுகளின் நடுவில், புதூர்ப் பக்கம் எங்கள் கரிசல் கிராமத்தில். மாப்பிள்ளையின் அப்பா உள்ளூர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. ஒரு வாய் குடித்தார். எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பினார்.

"என்ன மதினி, தூத்துக்குடிக் கடல்ல இருந்து கோரிட்டு வந்தியளா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பட்டுச்சேலை கட்டி அடுக்களையில் நின்ற அக்காவுக்கும் அது கேட்டது. சம்பந்தப் பேச்சு அத்தோடு முறிந்தது. எங்கள் கிணறு உப்புதான். அவர் புதிதாகப் போட்ட ஆழ்துளைப் போரில் நல்ல தண்ணீர். அன்று முதல் ஊரில் எங்களுக்குக் 'கடல் வீடு' என்று பெயர். அம்மா சாகும்வரை விருந்தாளி யாருக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை. கடையில் கலர் சோடா வாங்கிவரச் சொல்வாள்.

நான் மறக்கவில்லை. மறக்க முயலவும் இல்லை.

சில வருடங்கள் கழித்து, நான் வேலை பார்த்த பத்திரிகையின் மாணவர் பக்கத்துக்குக் கடல் நீர் ஏன் உப்பாக இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். தூத்துக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் போய் விசாரித்தேன். மழைநீரில் லேசான அமிலம் இருக்கிறது. அது பாறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க, அந்த உப்பை ஆறுகள் கடலில் சேர்க்கின்றன. கடலடி வெடிப்புகளிலிருந்தும் உப்பு வருகிறது. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஒரு கிலோ கடல் நீரில் சுமார் முப்பத்தைந்து கிராம். முன்பு வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தார்கள். இப்போது நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்க்கிறார்கள். உப்பு கூடினால் மின்சாரம் கூடுதலாகப் பாயும். அதற்குப் பேனா அளவில் ஒரு மீட்டர் இருந்தது.

"நாக்கு போதாதா?" என்று கேட்டேன்.

"தெனம் குடிக்கிற உப்பு நாக்குக்குத் தெரியாது சார்" என்றார் அங்கிருந்தவர்.

மீட்டரை இரவல் வாங்கினேன். ஒரு பாட்டிலில் கடல் நீரும் பிடித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

முதலாளி இத்தனை வருடமும் போரை மேலும் மேலும் ஆழமாக்கி, மிளகாய்த் தோட்டத்துக்கு மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டியிருந்தார். அப்படி உறிஞ்சினால் ஆழத்து உப்பு மேலே ஏறும் என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அவருடைய ஆபீஸ் குழாயில் ஒரு சொம்பு பிடித்து மீட்டரை விட்டுப் பார்த்தேன். எங்கள் கிணற்றைப்போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. ஐப்பசி மழையில் மொட்டை மாடியில் பிடித்த தண்ணீரைக் குடத்தில் எடுத்து, அதே எண் வரும்வரை கடல் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். இருபது டம்ளருக்கு ஒரு டம்ளர் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடையில் நல்ல கூட்டம். கலந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினேன்.

"மாமா, இது எந்தத் தண்ணின்னு ஒங்க நாக்கு சொல்லட்டும்."

ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். "நம்ம போருல்லா! இந்த ருசி வேற எங்கலே கெடைக்கும்?"

பாட்டிலை பெஞ்சில் வைத்தேன். "மழைத் தண்ணியில இந்தக் கடல் தண்ணியக் கலந்தது மாமா. தூத்துக்குடியில இருந்து நான்தான் கோரிட்டு வந்தேன்."

அவர் குழாய்த் தண்ணீர், கலந்த தண்ணீர், எங்கள் கிணற்றுத் தண்ணீர் மூன்றிலும் மீட்டரை விட்டு எண்களைச் சத்தமாகப் படித்தேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "அப்ப மொதலாளி, இனிமே எது கடல் வீடு?"

கடை முழுவதும் சிரித்தது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொன்ன டீயைக் குடிக்காமல் போனார். தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"துப்புனாராலே?"

"இல்லக்கா. மிச்சம் வைக்காம முழுங்கிட்டாரு."



"இன்னொரு டம்ளர் குடுத்திருக்கணும்லே நீ."