மகளுக்குப் பதிலாக நான் எழுதிய ஆர்வச் சோதனை

மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்த என் பதினைந்து வயது மகள், ஒரு சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விட்டுவிட்டு டியூஷனுக்குப் போனாள். பள்ளிக் கவுன்சலிங் அறை கொடுத்தனுப்பிய ஆர்வச் சோதனை. இது பிடிக்குமா, அது பிடிக்குமா என்று வரிசையாகக் கேள்விகள். ஆம், இல்லை கட்டங்களில் சரி போட வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த ஆண்டு யார் எந்தப் பக்கம் போகலாம் என்று டீச்சர் ஆலோசனை சொல்வார். பாதி முடித்திருந்தாள். பென்சிலில்.

பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கக் கூடாது என்று தெரிந்தவன் நான். ஆனால் இது பிரித்தே கிடந்தது.

'பழுதான கருவியைக் கழற்றிப் பார்க்கப் பிடிக்குமா?' ஆம். 'கை அழுக்காகும் வேலை பிடிக்குமா?' ஆம். தொழிற்கல்லூரிக்குப் போய் ஏர்கோன், அதாவது குளிர்சாதனம், பழுதுபார்க்கப் படிக்கப் போகிறேன் என்று சில மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ அவளை அறிவியல் பிரிவில் போட்டு, டாக்டராக்கி, என் முழங்கால் வலிக்கு வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்வதாகத் திட்டமிட்டிருந்தேன். அழிப்பானைத் தேடினேன்.

முதல் பாதியைக் கவனமாகத் திருத்தினேன். கருவி பிடிக்காது, நோயாளிகளுக்கு உதவ மிகவும் பிடிக்கும். அவள் விட்டுவைத்திருந்த இரண்டாம் பாதிக்கு வந்தபோது என் கள்ளத்தனம் களைத்துவிட்டது. கையை அதன் போக்கில் விட்டேன். கூட்டத்தில் பேசப் பிடிக்குமா? ஆம். ஆட்களைப் பேசி இணங்க வைக்க? ஆம். எடுத்த வேலையை முடிக்கும்வரை பொறுமை உண்டா? இல்லை.

திங்கட்கிழமை காலை அவள் தாளைத் தேடினாள். "பையில வச்சிட்டேன்மா. எல்லாம் முடிஞ்சிருக்கு," என்றேன்.

"நான் முடிச்சிட்டேனா பா?"

"முடிச்சிட்டியே லா."

இரண்டு வாரம் கழித்துக் கவுன்சலிங் டீச்சர் என்னை வரச் சொன்னார். நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஞாயிறுதோறும் சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர் என்பதால், யார் சுருதி தப்புகிறார்கள் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். அறைச் சுவரில் ஓர் அட்டை: தனிநபர் ஆலோசனை, குழு ஆலோசனை, தொழில் வழிகாட்டல், நெருக்கடி ஆலோசனை. பெற்றோருக்கென்று தனி வகை இல்லை. நம்மை நெருக்கடியிலேயே அடக்கிவிட்டார்கள் போலும்.

"பிள்ளைக்கு என்னா வந்திருக்குன்னு பாருங்கண்ணே," என்று தாளை நீட்டினார். "முதல் பாதி பார்த்தா டாக்டர். ரெண்டாவது பாதி பார்த்தா இன்சூரன்ஸ் விக்கலாம்."

நான் இருபது ஆண்டாக இன்சூரன்ஸ் விற்பவன்.

"பரவாயில்லையே டீச்சர். பல திறமை."

"போன மாசம் இந்த ரூம் ஏர்கோன்ல தூசி அடைச்சிக்கிச்சி. பில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டுனது உங்க பிள்ளைதான். அவளுக்குக் கருவியைத் தொடவே பிடிக்காதாம்!"

"வயசு அப்படி. இன்னிக்கி ஒண்ணு, நாளைக்கி ஒண்ணு."

அவர் இன்னொரு காகிதத்தை எடுத்து வைத்தார். பள்ளிச் சுற்றுலாவுக்கு நான் கொடுத்த அனுமதிக் கடிதம். அதில் நான் போட்ட சரி, கட்டத்தைத் தாண்டி வால் நீட்டி அடுத்த வரியில் படுத்திருந்தது. ஆர்வச் சோதனையிலும் அதே வால்.

"இந்த மாதிரி மாத்துற அப்பா அம்மாவை நெறைய பேரைப் பிடிச்சிருக்கேன். டாக்டர் வரணும்னு மாத்துவாங்க, சரி. தன்னையே எழுதி வச்ச ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே."

சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சோதனை முடிவைச் சொன்னதும் நேத்து இங்க உக்காந்து அழுதா. 'எனக்கு என்னா பிடிக்கும்னு எனக்கே தெரியல போல டீச்சர்'னு தொழிற்கல்லூரி விண்ணப்பப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டா. நாளைக்குத்தான் கடைசி நாள்."

டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுக்கவில்லை, எடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு எடுத்தேன்.

"நீங்களே அவகிட்ட சொல்லிருங்க டீச்சர்."

"அது என் வேலை இல்லண்ணே. கூப்பிடுறேன்."

மகள் வந்து நின்றாள். நான் எதிர்காலம், போட்டி, நம் சமுதாயத்தின் நிலை என்று தொடங்கினேன். டீச்சர் இருமினார்.

"நான்தாம்மா அதை எழுதுனேன்."

தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். "கூட்டத்துல பேசப் பிடிக்கும்னு போட்டிருக்கே, இதுவும் நீங்களா?"

"ஆமா."

"பொறுமை இல்லன்னு?"

"அதுவும்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் வந்தது நிம்மதி. எனக்கு அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. "அப்ப நான் சரியாத்தான் இருந்திருக்கேன்," என்றாள். டீச்சரிடம்தான் சொன்னாள், என்னிடம் அல்ல.

டீச்சர் அந்தப் பாரத்தை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார். அவள் நிரப்பினாள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். இறங்குமுன் அவள், "குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல நான் டாக்டராகப் போறேன்னு போட்டீங்கதானே? நீங்களே மாத்திப் போடுங்க," என்றாள்.

காரிலேயே உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். லூபோக் சீனா என்ற ஊரிலிருக்கும் என் அக்காவிடமிருந்து உடனே பதில் வந்தது: "நல்லதாப் போச்சு. எங்க ஏர்கோன் தண்ணி ஒழுகுது. ஞாயித்துக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டு வா."

'வர்றோம்' என்று தட்டத் தொடங்கினேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் படிக்கலன்னு சொல்லுங்க பா. தெரியாததைத் தெரியும்னு எழுத நான் என்னா, நீங்களா?"