தேத்தண்ணியில் கரைத்த குளிசை

என் தங்கச்சி லண்டனில் இருக்கிறாள். அவளுடைய மகள் டென்னிஸ் விளையாடுகிறவள். எனக்கு மருமகள் முறை. போன ஆவணியில் மொன்ட்ரியாலுக்குப் போட்டிக்கு வந்தாள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பல நாட்டுப் பிள்ளைகள் விளையாடுகிற போட்டி. பிரித்தானியாவில் இருந்து நாலு பிள்ளைகள், ஒரு கோச். மற்ற மூன்று பேரும் கோச்சோடு ஹோட்டலில் நின்றார்கள். இவளை என்னிடம் விடுவதென்று தங்கச்சி ஒற்றைக் காலில் நின்றாள்.

"மாமன் வீடு இருக்கேக்கை ஏன் ஹோட்டலிலை கிடக்கிறாள்? அந்தச் சாப்பாடு இவளுக்குச் சரிவராது அண்ணை."

நான் ஓம் என்றேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

நான் மொன்ட்ரியால்-நோரில் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். தனி ஆள். பாண் போடுகிற பக்டரியில் வேலை. அந்தக் கிழமை லீவு எடுத்துக்கொண்டு எயார்போட்டுக்குப் போனேன். பிள்ளை என்னிலும் உயரம். முதுகில் ஆறு ராக்கெட் போட்ட பை.

"மாமா, நீங்கள் படத்திலை பெரிசாய் இருந்தீங்கள்."

"நீ படத்திலை சின்னனாய் இருந்தாய்."

சிரித்தாள். தாய் பழக்கியதால் தமிழ் நன்றாகக் கதைப்பாள். வேகமாகக் கதைத்தால்தான் இங்கிலீசுக்குப் போய்விடுவாள்.

அடுத்த நாள் குசினி மேசையில் இருந்து எனக்கு விளங்கப்படுத்தினாள். இந்தப் போட்டியில் அரையிறுதிக்கு வரவேண்டும். வந்தால் தேவையான அளவுக்குப் புள்ளி காணும். புள்ளி கண்டால் லண்டனில் அவளைப் பட்டியலில் வைத்திருப்பார்கள். கோச், கோர்ட், பயணம் எல்லாம் அவர்களே பார்ப்பார்கள்.

"காணாட்டி?"

"காணாட்டி முடிஞ்சுது மாமா. தையிலை எனக்குப் பதினெட்டு. ஜூனியர் இல்லை. லிஸ்டிலை இருந்து எடுத்துப்போடுவினம். அப்பா இப்பவே யூனிவர்சிற்றிக்குப் பதியச் சொல்லி நிக்கிறார்."

ஆறு வயதில் தொடங்கியவள். பள்ளிக்கூடத்துக்கு முதல் இரண்டு மணித்தியாலம், பேந்து இரண்டு மணித்தியாலம். பதினொரு வருசம். அதெல்லாம் இந்த ஒரு கிழமையில் வந்து நின்றது.

வந்த இரண்டாம் நாளே தும்மல் தொடங்கியது. ஆவணி பிறந்தால் இந்த ஊரில் ஒரு புல் பூக்கும். பிரெஞ்சுக்காரர் அதைப் பேன்புல் என்கிறார்கள். அதன் மகரந்தம் காற்றில் வரும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கண் வீங்கும், மூக்கு ஓடும், சிலருக்கு மூச்சு இழுக்கும். அவளுடைய நாட்டில் அந்தப் புல் இல்லையாம். மூன்றாம் நாள் படி ஏறவே இருமினாள்.

எனக்கும் ஒவ்வொரு வருசமும் வரும். எனக்குக் குடும்ப டாக்குத்தர் இல்லை. பெயரைக் கொடுத்துவிட்டு வருசக்கணக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் ஊருக்குப் போய் வருகிற ஆக்களிடம் சொல்லிவிட்டு மருந்து எடுப்பேன். இங்கே எங்கள் ஆக்கள் பாதிப் பேர் அப்படித்தான். சின்னக் கடதாசி என்வலப்பில் வெள்ளைக் குளிசைகள் வரும். 'காலை 1, இரவு 1' என்று பேனையால் எழுதியிருக்கும். மருந்தின் பெயர் இருக்காது. நாங்களும் கேட்பதில்லை. சுகம் வருகிறது, போதும்.

போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு குளிசையை எடுத்து நீட்டினேன். பாம்பைக் கண்டவள் மாதிரிக் கையை இழுத்தாள்.

"ஐயோ மாமா, வேண்டாம். நாங்கள் கண்டதையும் போடக்கூடாது. ரூல்."

"இது கண்டது இல்லை. பத்து வருசமாய் நான் போடுறன்."

"பேர் என்ன?"

"அலர்ஜிக் குளிசை."

"அது பேர் இல்லை மாமா. கோச் தந்த ஸ்பிரே இருக்கு. அது காணும்."

அது காணவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டே கிடந்தாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ரூல் என்றால் ஊக்க மருந்து, ஊசி, அப்படியானதுக்குத்தான் இருக்கும். தும்மல் குளிசைக்கு என்ன ரூல்? தங்கச்சி பிள்ளையை என்னை நம்பி விட்டிருக்கிறாள் என்றும் நினைத்தேன்.

காலமை எழும்பித் தேத்தண்ணி போட்டேன். ஒரு குளிசையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசித்துப் போட்டேன். பேந்து யோசித்து இன்னும் பாதி. சீனி மூன்று கரண்டி.

"மாமா, கைக்குது. சரியான கசப்பு."

"சாயம் கூடிப்போச்சு. குடி."

குடித்தாள். அடிமண்டி வரைக்கும் குடித்தாள்.

கோர்ட் வடக்குப் பக்கத்துப் பார்க் ஒன்றில். பெரிய ஆட்டங்கள் மாதிரி இல்லை. பார்க்கிறவர்கள் பெற்றார்தான். ஒரு நடுவர் மூன்று நாலு கோர்ட்டுக்கும் நடந்து திரிவார். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். இவளோடு விளையாடியது இங்கத்தைப் பிள்ளை. அதன் தாய் தகப்பன் கம்பி வலைக்குப் பின்னால் நின்று பிரெஞ்சில் கத்தினார்கள். ஆட்டத்துக்கு இடையில் தண்ணி குடிக்க வந்தவள் கேட்டாள்.

"என்ன மாமா சொல்லுகினம்?"

"உன்னைத்தான் ஏதோ பேசுகினம்."

"என்னெண்டு?"

"அவ்வளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வராது. உனக்கு நல்லதில்லை எண்டு மட்டும் விளங்குது."

சிரித்துக்கொண்டு போனாள். முதல் செட் ஆறு-நாலு. இருமவில்லை. கண் வீக்கம் வற்றியிருந்தது. இரண்டாம் செட்டில் ஒரு பந்து அவளுடைய பக்கத்துக் கோட்டடியில் விழுந்தது. வெளியே என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன். அவள் உள்ளே என்று கை காட்டிப் புள்ளியை மற்றப் பிள்ளைக்குக் கொடுத்தாள். அப்படிக் கொடுத்தும் ஆறு-இரண்டு. வென்றுவிட்டாள்.

கோச் வந்து எனக்குக் கை தந்தார். ஐம்பது வயது ஆங்கிலேயர். தன்னிடம் இருக்கிற நாலு பேரிலும் இவள்தான் திறம், இன்றைக்கு விளையாடியது போல் விளையாடினால் அரையிறுதி நிச்சயம் என்றார். எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. மரத்துக்குக் கீழே நீட்டு வாங்கில் வந்து இருந்தோம். அவள் வாழைப்பழம் உரித்தாள்.

"பார்த்தியே, இருமல் நிண்டிட்டுது."

"ஓம் மாமா. நல்லாய் நித்திரை கொண்டன் போலை."

"நித்திரையோ? விசரி. என்ரை குளிசை."

"என்ன குளிசை?"

"காலமை தேத்தண்ணிக்கை போட்டன். கைக்குது எண்டு சொன்னியெல்லே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் வாயில் பழம் இருந்தது. மெல்லவில்லை.

"மாமா, பகிடியே?"

"இல்லையடி. ஒண்டரைக் குளிசை."

பழத்தைக் கடதாசியில் துப்பினாள். எழும்பிக் கோச்சிடம் போனாள். அவளை விட வேகமாகக் கோச் என்னிடம் வந்தார்.

எனக்கு விளங்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். இந்தப் போட்டிகளில் எப்போதாவது வந்து சலம் எடுத்துச் சோதிப்பார்கள். சில அலர்ஜிக் குளிசை பிழையில்லை. சிலதில் ஸ்டீரொய்ட் இருக்கும், அது தடை. உடம்பில் கண்டால் தெரிந்து எடுத்ததா தெரியாமல் எடுத்ததா என்பது பிறகுதான். பிள்ளையை வருசக்கணக்கில் நிறுத்தலாம். பெயரும் கெடும்.

"மருந்தின் பெயர் என்ன?" என்றார். என்வலப் என் காற்சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, பெயர் எங்கே என்று கேட்டார். 'காலை 1, இரவு 1' என்பதை வாசித்துக் காட்டினேன்.

மூன்று பேரும் கோச்சின் காரில் என் வீட்டு மூலையில் உள்ள பாமசிக்குப் போனோம். மருந்து கொடுக்கிற மனிசி ஹெயிற்றிக்காரி, என்னைத் தெரியும். குளிசையை வெளிச்சத்தில் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தாள். எழுத்து ஒன்றும் பொறித்திருக்கவில்லை. எழுத்து இல்லாமல் தேட முடியாது, இது எதுவாகவும் இருக்கலாம் என்றாள். எத்தனை வருசம் போடுகிறாய் என்று கேட்டாள். பத்து என்றேன். பெயர் தெரியாமலா என்றாள். ஓம் என்றேன்.

மருந்து கொண்டு வந்து தந்தவருக்கு அங்கே நின்றே கோல் எடுத்தேன்.

"அண்ணை, பஸ் ஸ்டாண்டடியிலை ஒரு பாமசி. அலர்ஜிக்கு எண்டு கேட்டன், தந்தாங்கள். நான் என்ன டாக்குத்தரே?"

"கடை நம்பர் இருக்கே?"

"பகிடி விடாதேங்கோ. இப்ப அங்கை சாமம்."

கோச் இங்கிலாந்தில் ஒரு டாக்குத்தரோடு கதைத்தார். தெரியாத மருந்தென்றால் பிள்ளையை இறக்காதே என்று சொன்னாராம். அடுத்த ஆட்டம் மறுநாள் காலமை பத்து மணிக்கு. ஒருவரும் சோதிக்க வராமலும் விடலாம், நீயே முடிவெடு என்று கோச் அவளிடம் சொன்னார். பாமசிக் கதிரையில் இருந்து தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ராக்கெட் பிடித்துத் தோல் தடித்த கை.

"வராட்டியும் நான் குடிச்சது எனக்குத் தெரியும்தானே," என்றாள். அதைத் தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு கோச்சுக்கு இங்கிலீசில் சொன்னாள்.

திரும்பப் பார்க்குக்குப் போனோம். கூடாரத்துக்குள் ஒரு மேசையில் நடுவர் இருந்தார். விலகுகிறதுக்கு ஒரு கடதாசி. காரணம் என்ற இடத்தில் இருமல் என்று எழுதச் சொன்னார் கோச். எழுதிக் கையெழுத்து வைத்தாள். அந்த நேரம் இருமல் நின்று ஆறு மணித்தியாலம்.

கோச் அன்றைக்கே அவளை ஹோட்டலுக்கு எடுத்தார். சாமான் எடுக்க வீட்டுக்கு வந்தபோது நான் கதவடியில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.

"பசிக்கேல்லை மாமா."

படுத்த போர்வையை மடித்து வைத்தாள். பையைத் தோளில் போட்டாள்.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

"ஏன்?"

"அவ பிறகு உங்களோடை கதைக்க மாட்டா. அவவுக்கு அண்ணை எண்டு நீங்கள் ஒராள்தானே."

படியிறங்கிப் போனாள்.

பேந்து நான் அந்தக் கடையின் நம்பரைத் தேடி எடுத்தேன். அலர்ஜிக்கு மூன்று விதக் குளிசை வைத்திருக்கிறார்களாம். எதைக் கொடுத்தோம் என்று அவர்களுக்கும் தெரியாது. ஸ்டீரொய்டா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் அவள் சும்மா விலகினாள். இருந்தால் நான் அவளுக்கு நஞ்சு கொடுத்தேன். இரண்டில் எது நல்லது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையின் பிறந்த நாளுக்கு மெசேஜ் போட்டேன். ஒரு பெருவிரல் படம் வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த கிழமை தங்கச்சி கோல் எடுத்தாள்.

"லிஸ்ட் வந்திட்டுது அண்ணை. இவளின்ரை பேரில்லை. ராக்கெட் எல்லாத்தையும் கட்டிக் கட்டிலுக்குக் கீழை தள்ளிப்போட்டாள். கதைக்கிறாளே இல்லை."

நான் குசினிக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"அந்த இருமல்தான் கெடுத்தது. நான் ஒரு மருந்து குடுத்து விட்டிருக்கலாம். தாய்க்குத் தெரிய வேணுமெல்லே. என்ரை பிழைதான்."

"உன்ரை பிழை இல்லை."

"பேந்து ஆற்றை பிழை?"

ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிள்ளை படியில் நின்று சொன்னது நினைவில் வந்தது. அதைச் சாட்டாக வைத்துக்கொண்டேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

"என்ன அண்ணை, லைனிலை நிக்கிறியளே?"

"நிக்கிறன்."

"உங்களுக்கும் அந்தக் கிழமை சரியான கரைச்சல் குடுத்திட்டம். அங்கை குளிரே?"

"ஓம்," என்றேன். "இண்டைக்கு மைனஸ் இருபது."