சந்தியாகு அண்ணாச்சி வாலிபால் ஆடவே இல்லை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், அன்று எட்டே முக்காலுக்கே போய்விட்டார். பக்கத்து டீக்கடைக்காரர் என் கடை வாசலில் வந்து நின்று, "யக்கா, ஒங்க வாலிபால் அண்ணாச்சி போயிட்டாராம்லா" என்றார். எங்கே போயிட்டார் என்று நான் கேட்டேன். பத்து மணிக்கு வருவார், சீனி போடாத கடுங்காப்பி ஒன்று எடுத்து வையுங்கள் என்றும் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என் மேஜையில் அண்ணாச்சியின் பிரமாணப் பத்திரம், அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு, அச்சாகிக் கிடந்தது. முப்பது நாளாகிவிட்டது. இன்னமும் பத்து மணி ஆனால் வாசலைப் பார்க்கிறேன்.

ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என்னை விட அவரை அதிக காலம் தெரியும். சங்கு குளிக்கும் குடும்பத்தில் பிறந்தவர், பட்டாளத்துக்குப் போனவர், திரும்பி வந்து துறைமுக வாசலில் காவல் இருந்தவர், இடது காலை இழுத்து நடப்பவர். உங்களில் பாதிப் பேர் அவரை வாலிபால் என்றுதான் கூப்பிட்டீர்கள். பட்டாளத்தில் பந்து விளையாடி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட வீரர் என்று கல்யாண வீட்டுப் பந்தியிலேயே கேலி பேசினீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அதை எழுத இப்போது கை கூசுகிறது.

பதினொரு வருடத்துக்கு முன்னால், ஒரு மஞ்சள் பைக்குள் பழைய ராணுவக் காகிதங்களை வைத்துக்கொண்டு அவர் முதல் தடவை வந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு வரி. வாலிபால் ஆடும்போது விழுந்ததால் இடுப்பு எலும்பு முறிவு என்று அவருடைய பதிவேட்டில் இருந்தது. அதை அடித்துவிட்டு, எதிரியின் குண்டுச் சில்லால் போரில் ஏற்பட்ட காயம் என்று எழுத வேண்டும். "பென்ஷன் கூட வருமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வந்தா வரட்டும், வராட்டி போவட்டும். அன்னைக்குப் பனிமலையில எங்க காவல் சாவடி மேல குண்டு விழுந்துச்சு. எம் பக்கத்துல ரெண்டு பேரு செத்தானுவ. பேப்பரப் பாத்தா, அவனுவ சாவும்போது நான் பந்து வெளையாடிட்டு இருந்திருக்கேன். இதோட நான் எப்படி ஏளா அவனுவ மொகத்துல போயி முழிப்பேன்?"

அன்றைக்கு நான் தட்டச்சுக் கூலி வாங்கவில்லை. அதற்குப் பிறகும் வாங்கவில்லை. வேறு எதற்காகவும் அல்ல, எனக்கு அப்படி ஒரு கோபம் வந்துவிட்டது.

அந்தக் கோபத்தையெல்லாம் முகம் தெரியாத ஒரு மனிதர் மேல் கொட்டினேன். பதிவேட்டில் வாலிபால் என்று எழுதியவர் ஆஸ்பத்திரி எழுத்தர். அவர் கவனக்குறைவு, அவர் அலட்சியம், அவர் செய்த அநியாயம் என்று எத்தனை மனுக்களில் எழுதினேனோ, கணக்கில்லை. பதில்கள் வந்தன. முதல் சிகிச்சை நடந்த கூடாரத்தின் காகிதங்கள் கிடைக்கவில்லை என்றார்கள். உடனிருந்த சாட்சியைக் கொண்டுவரச் சொன்னார்கள். பிழைத்த ஒரே சிநேகிதர், குளச்சல்காரர், அதற்குள் இறந்திருந்தார். இடுப்புக்குள் இன்னும் ஒரு சில்லு இருப்பதை எக்ஸ்ரே எடுத்து அனுப்பினோம். அது எப்போது உள்ளே போனது என்று எக்ஸ்ரே சொல்லவில்லையே என்று பதில் வந்தது. ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் ஒரே கேள்வி இருந்தது: வாலிபால் என்ற வாக்குமூலத்தில் கையெழுத்திட்டவர் தாங்கள்தானே, ஏன் இட்டீர்கள்?

அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்ல மாட்டார். "எழுதுனவன் தப்புன்னே போடு" என்பார். நான் அலுத்துப்போய், போதும் அண்ணாச்சி, விட்டுவிடலாம் என்று சொன்ன நாட்கள் உண்டு. அப்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொல்வார். "சங்கு குளிக்கப் போறவன் இடுப்புல கயிறு கட்டி இருக்கும். மேல படகுல மச்சான்காரன் அதப் புடிச்சிக்கிட்டு இருப்பான். அடியில கிடக்குறவன் கயித்த ஆட்டலைன்னா மேல இருக்குறவனுக்கு எப்படித் தெரியும்? நாம ஆட்டிக்கிட்டே இருப்போம் ஏளா." உடனே அடுத்த மனுவுக்குத் தாளை எடுத்து என் கையில் கொடுப்பார்.

அவர் இறப்பதற்கு முந்தின நாள், புதன்கிழமை. கடைசி வாய்ப்பு என்று ஒரு கடிதம் வந்திருந்தது. அந்தக் கேள்விக்குப் பிரமாணப் பத்திரத்தில் பதில் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். நான் பொறுமையிழந்துவிட்டேன். "இப்போ சொல்லுங்க, இல்லன்னா இந்தப் பைய எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க" என்று கத்தினேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு, அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எழுத்தர் மேல தப்பு இல்ல செல்வி. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்."

 பதினொரு வருடம் அந்த எழுத்தரைத் திட்டியவள் நான்.

அவர் காயம்பட்டுக் கிடந்தபோது ஊரில் அவருக்கும் பிலோமினாவுக்கும் கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் வாசிப்பார். முதல் ஓலை முடிந்திருந்தது. போரில் காயம் என்று பதிவானால் வீட்டுக்குத் தந்தி போகும், தந்தியை ஊரே படிக்கும். இடுப்புக்குக் கீழே குண்டு பாய்ந்தவனுக்குப் பிள்ளை பிறக்குமா என்று யாராவது ஒருவர் கோயிலில் எழுந்து நின்று கேட்டுவிடுவார், அதுவே தடையாகிவிடும் என்று இருபத்தெட்டு வயதுக்காரர் பயந்துபோனார். தந்தியை மட்டும் மாற்றச் சொல்லி எழுத்தரிடம் கெஞ்சியிருக்கிறார். படிவத்தில் இருப்பதுதான் தந்தியில் போகும் என்று அவர் சொல்லிவிட்டார். அப்படியானால் படிவத்திலேயே வாலிபால் என்று போடுங்கள் என்று இவர் கையெழுத்துப் போட்டார்.

ஓலைக்கும் குண்டுக் காயத்துக்கும் என்ன சம்பந்தம், எந்தச் சாமியாராவது அதைத் தடை என்று சொல்வாரா என்று கேட்டேன். "இப்போ தெரியுது. அப்போ தெரியலையே" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன என்றும் கேட்டேன். "மனு வீட்டுக்கு வரும். பிலோமி கண்ணுல படும். பொய் சொல்லிக் கட்டிக்கிட்டியான்னு அவ ஒரு வார்த்த கேட்டா நான் தாங்க மாட்டேன்" என்றார். மனுவைப் பற்றியே அண்ணாச்சியின் மனைவி பிலோமி மைனிக்குத் தெரியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பதில் கடிதங்கள் எல்லாம் ஏன் என் கடை முகவரிக்கு வந்தன என்பதும் அப்போதுதான் விளங்கியது. எழுந்து போகும்போது, "நீ உள்ளத உள்ளபடி அடிச்சி வையி. இன்னைக்குச் சாயந்தரம் அவகிட்ட நானே சொல்லிருதேன். நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன்" என்றார். நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது, "பத்து மணின்னா பத்து மணி, நான் கடை தொறக்குற மாதிரி நெனச்ச நேரத்துக்கு வராதீங்க" என்பது. அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அடக்கத்துக்குப் போனேன். மைனி பக்கத்தில் உட்கார்ந்தும் ஒன்றும் கேட்கத் தைரியம் வரவில்லை. பெட்டியைத் தூக்கும்போது பின்னால் யாரோ, "நம்ம வாலிபாலுக்கு வந்த கூட்டத்தப் பாரேன்" என்று ஆச்சரியமாகச் சொன்னார்கள். நான் திரும்பி அந்த ஆளை அடித்திருப்பேன். என் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் காலை, சரியாகப் பத்து மணிக்கு, பிலோமி மைனி என் கடைக்கு வந்தார். கையில் அதே மஞ்சள் பை. அண்ணாச்சியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தவர், பதினொரு வருட மனுக்களின் தமிழ் நகல்களை எல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறார். என்னைப் பார்த்து, "ஏளா, சாட்சி கேட்டு எழுதியிருக்கானுவளே, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றார். பிறகு தன் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்து மேஜையில் வைத்தார். ராணுவத் தபால் முத்திரை, தேதியோடு, தெளிவாக இருந்தது.

அந்தக் குளச்சல்காரர் எழுதிய கடிதம். தமிழில், நாலே வரி. மாப்பிள்ளைக்கு வாலிபாலில் அடிபடவில்லை, எங்கள் சாவடியில் குண்டு விழுந்ததில் சில்லு பாய்ந்தது, உங்களிடம் மறைக்கிறான், கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன், நான் எழுதியது அவனுக்குத் தெரிய வேண்டாம். பதினொரு வருடமாக அவர்கள் கேட்ட சாட்சியம், என் கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு ஜெபப் புத்தகத்துக்குள் இருந்திருக்கிறது.  உட்கார்ந்துவிட்டேன்.

"ரெண்டாவது ஓலைக்கும் மூணாவது ஓலைக்கும் நடுவுல வந்துச்சு" என்றார் மைனி. "எங்க ஐயா கையில கெடச்சிருந்தா கல்யாணத்த நிறுத்தியிருப்பாரு. மூணாவது ஓலை வாசிக்கையில நான் முன் வரிசையில முக்காடு போட்டுக்கிட்டுத் தல குனிஞ்சி இருந்தேன். எந்திரிக்கல. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு கூனிப்போவாருன்னு இத்தன வருசமும் வாயத் தெறக்கல. ஊரு வாலிபால்னு சிரிக்கும்போது நானும் சேந்து சிரிச்சேன் செல்வி."

புதன்கிழமை சாயந்தரம் அண்ணாச்சி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். மைனிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "மூணு தடவ, பிலோமின்னு ஆரம்பிச்சாரு. என்ன சொல்ல வாராருன்னு எனக்கு வெளங்கிட்டு. பயந்துட்டேன். மீனு கருகுதுன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்."

கயிற்றை ஆட்ட வேண்டும் என்று எனக்கு அத்தனை முறை சொன்ன மனிதர் வீட்டில் மட்டும் ஆட்டவில்லை. மேலே பிடித்திருந்தவளோ, எல்லாம் தெரிந்தும் இழுக்கவில்லை. நடுவில் இருந்த நான் எழுத்தரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதற்கு யாரை நொந்துகொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மைனி கண்ணைத் துடைத்துவிட்டு, மனைவி மனுப் போடலாமா என்று கேட்டார். போடலாம் என்றேன். "அப்போ எழுது" என்றார். நான் வழக்கம்போல 'மேற்படி நபரின் மனைவியாகிய நான்' என்று தொடங்கினேன். அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டு அவரே சொன்னார், அவர் சொன்னதை நான் அப்படியே தட்டினேன். மனு பதிவுத் தபாலில் போயிருக்கிறது. அந்த ஒரு வரியை மாற்றுவார்களா என்று தெரியாது. ஆனால் நீங்கள் மாற்றலாம், அதற்கு யாருக்கும் மனுப் போட வேண்டியதில்லை. இனி அவர் பெயரைச் சொல்லும்போது சந்தியாகு என்று சொல்லுங்கள், போரில் காயம்பட்டவர் என்று சொல்லுங்கள்.

என்னிடம் மிச்சம் இருப்பவை இரண்டு தாள்கள். ஒன்று அவர் வந்து கையெழுத்துப் போடாமல் போன பிரமாணப் பத்திரம். இன்னொன்று மைனி மனுவின் நகல். அது இப்படித் தொடங்குகிறது: "என் கணவர் பொய் சொன்னார். அது எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன்."