வெங்கலக்காவின் தொண்டை

மீன் ஏலக்கூடத்தில் அவளுக்குப் பெயர் வெங்கலக்கா. கூடையைத் தூக்கிக் காட்டி ஒரு சத்தம் போட்டாளென்றால் வாசலில் வாடகை பேசிக்கொண்டிருக்கும் வண்டிக்காரனும் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டை கம்மியபோது கூடமே குதூகலித்தது. ஏலக்காரிக்குத் தொண்டை கட்டினால் வியாபாரம் சூடு பிடிக்குமாம். மூடத்தனத்துக்குக் கைதட்ட ஆயிரம் பேர்; ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்லை.

மாதக்கணக்கில் குரல் திரும்பாததால் தங்கைதான் இழுத்துப் போனாள். குரல்நாணில் புற்று. ஆரம்ப நிலை.

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. "லேசர் ஆபரேஷனோ கதிர்வீச்சோ, குணமாகுற வாய்ப்பு ஏறக்குறைய ஒண்ணுதான்மா. ஆபரேஷன் ஒரே நாள்ல முடியும், தேவைப்பட்டா திரும்பவும் செய்யலாம். ஆனா உங்களுக்குக் கொஞ்சம் ஆழமா வெட்டணும், குரல்ல காத்து கலந்துடும். கதிர்வீச்சுல குரல் தேற வாய்ப்பு அதிகம். ஆறு வாரம் வரணும், தொண்டை புண்ணாகும். அதே எடத்துல மறுபடி கதிர் குடுக்குறது கஷ்டம்."

"கதிரே வச்சுக்கோக்கா. உன் பொழப்பே தொண்டையிலதானே?" என்றாள் தங்கை.

அவளுக்கும் அதுதான் ஆசை. முதலாளியிடம் லீவு கேட்டாள்.

"ஆறு வாரமா? அதுவரைக்கும் மீன் கடல்லயே காத்துக்கிட்டு இருக்குமா? ஒரு நாள்ல முடியுறதை விட்டுட்டு உனக்கு ராஜ வைத்தியம் கேக்குதோ? உன் இஷ்டம்மா. உன் எடத்துல வேற ஆள் நிப்பான்."

ஆபரேஷன் செய்துகொண்டாள். நோய் போயிற்று, குரலில் காற்றும் வந்தது.

புண் ஆறித் திரும்பியபோது அவள் மேடையில் முதலாளியின் மருமகன் நின்றிருந்தான். கையில் மைக். மைக்கில் விட்ட ஏலம் செல்லாது என்று அதுவரை சட்டம் பேசியவர் இதே முதலாளிதான்.

"மாப்பிள்ளைக்குக் கத்திப் பழக்கமில்ல, பாவம். நீ கூடையைக் கழுவும்மா."

"மைக்கை எங்கிட்டக் குடுங்க. இந்தக் குரலே போதும்."

"முன்னாடியே வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

மைக் தனக்குக் கிடைக்காதென்று தெரிந்ததும் அவள் அதன் ஒயரைப் பிடுங்கினாள். கூடம் அடங்கியது. ஒரு கூடையைத் தூக்கி வெறும் தொண்டையில் விலை சொன்னாள். முன்வரிசையில் ஒருவன் மட்டும் கை தூக்கினான்.

"யாருக்குக்கா ரகசியம் சொல்ற?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

முதலாளி ஒயரை மறுபடி செருகினார். மருமகன் அதே கூடையை அவள் சொன்னதைவிடக் குறைந்த விலையில் கூவ ஆரம்பித்தான்.