என் பை, நம்ம பை

சைக்கிள் குழுவில் அவருக்கு ‘இறகு’ என்று பெயர். எங்கே பயணம் போனாலும் அவ்வளவு குறைச்சலான சாமானோடு வருவாராம். குழுவில் எல்லோரும் அதை நம்பினார்கள், அவருடைய மனைவியைத் தவிர.

இறகாருக்குப் பார்சல் ஆபீசில் எடைபோடும் கவுண்ட்டரில் வேலை. அடுத்தவர் மூட்டைகளை நிறுத்து நிறுத்து, உலகத்தில் உள்ள ஒரே பாவம் எடைதான் என்ற முடிவுக்கு மனுஷர் வந்துவிட்டார். கூட்டம் கொஞ்சம் குறைந்தால் போதும், தன்னுடைய பனியனைத் தராசில் வைத்துப் பார்ப்பார். வரிசையில் நின்ற ஒருவர், “இது எந்த ஊருக்கு சார் போகுது?” என்று கேட்டே விட்டார்.

பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டினார். அதன் பிறகு பல்லோடு விரலையும் சேர்த்துத் தேய்க்க வேண்டியதாயிற்று. துண்டை நாலாகக் கிழித்தார். முகத்தைத் துடைத்தால் கழுத்துக்கு மிச்சமிருக்காது. வரைபடத்தில் ‘நாம போகாத ஊரு நமக்கு எதுக்கு’ என்று ஓரங்களைக் கத்தரித்து எறிந்தார். ஒரு தடவை வழி தவறிப்போய் நின்ற ஊர், அப்படி எறிந்த துண்டில் இருந்தது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? வழி கேட்பதற்கு எடை இல்லை என்று சொல்லிவிட்டார். இத்தனை பாடுபட்டதில் அவருடைய பை மூன்று கிலோவுக்கு வந்து நின்றது. “என் பை மூணு கிலோ” என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், துக்க வீட்டிலும் சொல்வார்.

அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தது மனைவி. கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை வைத்து, பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று நாள் முழுக்க மெஷினில் குனிந்து உட்கார்ந்திருக்கிற அம்மாள். முதுகை நிமிர்த்தி, முகத்தில் காற்று படப் போகிற ஒரே நேரம் இந்தச் சைக்கிள் பயணம்தான் என்று ஆசை ஆசையாகக் குழுவில் சேர்ந்தார்.

சேர்ந்தவருடைய சைக்கிளின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பைகள், மேலே ஒரு மூட்டை. பம்பு, மாற்று டியூப், ஸ்பேனர், ஸ்டவ், பாத்திரம், மருந்து, மழைக்கோட்டு, இறகாருடைய கம்பளி, இறகாருடைய காற்றடிக்கிற தலையணை, கூடாரத்துக்குள் போட்டு நடக்க இறகாருடைய செருப்பு. இந்தச் சுமைக்கு இறகார் ‘நம்ம பை’ என்று பெயர் வைத்திருந்தார். தூக்குகிற வரைக்கும் அது அம்மாளுடையது, திறக்கும்போது நம்முடையது. ‘என் பை’ தினம் தினம் தராசு ஏறியது. ‘நம்ம பை’ ஒருநாளும் ஏறியதில்லை.

குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பயணத்திலும் மேட்டின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும், குழுத் தலைவரான பல் டாக்டர் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுப்பார். வெயில் ஏறுவதற்குள் இறங்க வேண்டும் என்று யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வரும்போது மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். யாராவது கேட்டால், “நம்ம வீட்டம்மா கொஞ்சம் மெதுவாத்தான் வருவாங்க” என்று இறகார் சிரிப்பார். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். அம்மாளுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைக்கும்.

வெளியூரில் படிக்கும் மகள், படங்களையெல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் போனில் கேட்டாள். “ஏம்மா, நிஜமாவே நீ போறியா, இல்ல சும்மா சொல்றியா? ஒண்ணுலயும் உன்னைக் காணோமே.” விளையாட்டுக்குத்தான் கேட்டாள். அம்மாளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த தடவை அந்தப் படத்தில் நின்றே தீர வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வைராக்கியம் விழுந்துவிட்டது.

அடுத்த பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இறகாரின் வீட்டுக் கூடத்தில் வகுப்பு. குறைவாக எடுத்துப் போவது எப்படி என்று அவர் பாடம் நடத்த, குழுவே பாய் போட்டு உட்கார்ந்திருந்தது. மூன்று கிலோ பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ், பஞ்சர் ஆனால் என்ன செய்வது, பம்பைக் காணோமே என்று கேட்டாள்.

“பம்பா?” என்று இறகார் கண்ணை மூடிக்கொண்டார். “பஞ்சர் ஆயிடுமோங்கிற பயம் இருக்கு பாருங்க, அதுதான்மா எடை. அதை முதல்ல இறக்கி வைங்க.”

அடேயப்பா, என்ன கைதட்டல். டாக்டர் அதை போனில் பதிவு செய்துகொண்டார். டீத்தட்டோடு வந்த அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அந்தப் பயத்தை இத்தனை வருஷமாக இறக்கி வைத்திருந்தது தன்னுடைய சைக்கிளில் அல்லவா?

எல்லோரும் போன பிறகு, இறகார் போனில் வந்த பாராட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். அம்மாள் கேட்டார். “ஏங்க, இந்தத் தடவை நம்ம பையை என்ன பண்ணட்டும்?”

“வகுப்புல சொன்னேன்ல? ஒவ்வொண்ணா எடுத்துப் பாரு. இது இல்லன்னா செத்துடுவோமான்னு கேளு. சாக மாட்டோம்னா வீட்லயே வை.” நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அம்மாள் அப்படியே செய்தார். தலையணையைக் கேட்டார், செருப்பைக் கேட்டார், பம்பையும் கேட்டார். இல்லாவிட்டால் யாரும் சாகிற மாதிரித் தெரியவில்லை. ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மாற்று உடுப்பு, ஒரு போர்வை. அவ்வளவுதான்.

புறப்பட்ட அன்று இறகார் வழக்கம்போல முதல் ஆளாகப் போனார். திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கழுத்தைத் திருப்பினால் எடை கூடிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அம்மாள் பழக்கதோஷத்தில் கடைசியாகக் கிளம்பினார். முதல் மேட்டில் கால் வைத்ததும் சைக்கிள் தானாக ஓட, ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்று பயந்து கீழே பார்த்தார். ஒன்றும் விழவில்லை. சைக்கிள் என்றால் இப்படித்தான் போகும் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மைல்கல்லின் மேல் இறகார் உட்கார்ந்திருந்தார். முன் டயர் சப்பையாகிக் கிடந்தது. நின்று விசாரித்தவர்களிடமெல்லாம், “நீங்க போங்க, வீட்டம்மா வந்துடுவா” என்று கையை ஆட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். அம்மாளும் நர்ஸும் சேர்ந்தாற்போல வந்து நின்றார்கள். இறகார் டயரைப் பார்த்தபடியே கையை நீட்டினார்.

“நம்ம பம்பை எடு.”

“வீட்ல இருக்குங்க.”

அப்போதுதான் நிமிர்ந்தார். சைக்கிளின் பின்பக்கம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. “நம்ம பை எங்கே?”

“அதுவும் வீட்லதான். நீங்க சொன்ன மாதிரியே கேட்டுப் பார்த்தேன். இல்லன்னா சாக மாட்டோம்னுதான் தோணுச்சு.”

இறகார் நர்ஸைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பம்பைத்தான் வெளியே எடுத்து வைத்தாளாம். டாக்டரும் வைத்துவிட்டாராம். பாடத்தை அவ்வளவு நன்றாக நடத்தியிருந்தார் மனுஷர். அந்தக் கூட்டத்தில் ஒருவரிடமும் பம்பு இல்லை.

இறகார் மைல்கல்லிலிருந்து எழுந்தார். நேராக வந்து அம்மாளின் ஹேண்டில்பாரில் கை வைத்தார். “சரி, நம்ம சைக்கிளைக் குடு. மேலே எனக்காகக் காத்திட்டிருப்பாங்க. நீ இதைத் தள்ளிட்டு மெதுவா வா.”

அம்மாள் அந்தக் கையைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தார், வரவில்லை. கடையில் வேண்டாத நூலைப் பிரிப்பதுபோல ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

“இது என் சைக்கிள்” என்றார்.

உச்சியில் டாக்டர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். அம்மாள் போய் நடுவில் நின்றார். முதுகு நிமிர்ந்திருந்தது, முகத்தில் காற்று அடித்தது. இறகாரை இன்னும் காணோமே, கொஞ்சம் காத்திருக்கலாமா என்று டாக்டர் கேட்டார். யாருக்காகவும் காத்திருக்காத டாக்டர்.

“வேண்டாங்க, எடுங்க” என்றார் அம்மாள். “நம்ம வீட்டுக்காரர் கொஞ்சம் மெதுவாத்தான் வருவார்.”